தேதி பின்னர் அறிவிக்கப்படும்

கொருக்குப்பேட்டையில் ஒரு பாராட்டு விழா எடுத்தே தீர வேண்டும். 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இட ஒதுக்கீட்டுக்கு ஆதரவாக மக்களவையில் 454 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் இரண்டே பேர். மறுநாள் மாநிலங்களவையில் ஆதரவு 214, எதிர்ப்பு பூஜ்யம். தங்கள் சம்பளத்தை உயர்த்திக்கொள்ளும் நாட்களைத் தவிர நம் உறுப்பினர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து யாரும் பார்த்ததில்லை. அதைச் சும்மா விடலாமா? மேளம் வேண்டும், பிளெக்ஸ் வேண்டும், வாசலில் வாழைமரம் வேண்டும்.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் இருக்கிறதே, கொருக்குப்பேட்டை எதற்கு என்று கேட்பீர்கள். நந்தனத்தில் ஏற்கெனவே ஆயிற்று. 2023 அக்டோபர் 14 அன்று தி.மு.க. மகளிரணி அங்கே மகளிர் உரிமை மாநாடு நடத்தியது. சோனியா வந்தார், பிரியங்கா வந்தார், மைதானம் நிரம்பியது. ஐந்து மாதம் கழித்து வேட்பாளர் பட்டியலும் வந்தது. 21 பேரில் பெண்கள் மூன்று. உரிமை மைதானத்தில் நிரம்பி வழிந்துவிட்டதால் பட்டியலுக்கு மிச்சம் இல்லை போலும். சட்டத்தைக் கொண்டுவந்த பா.ஜ.க. மட்டும் வேறு ஜாதியா? 2024-ல் நாடு முழுக்க அது நிறுத்திய வேட்பாளர்களில் பெண்கள் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மூன்றில் ஒன்று வேண்டும் என்று சட்டம் எழுதிய கைதான் அந்தப் பட்டியலையும் எழுதியது.

கொருக்குப்பேட்டைக்கு இந்த விழாவை நடத்தத் தனித் தகுதி உண்டு. அது வடசென்னை மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. அந்தத் தொகுதி 1957-லிருந்து 2024 வரை ஒரு பெண்ணைக்கூட டெல்லிக்கு அனுப்பியதில்லை. அந்தோணிப் பிள்ளையில் தொடங்கி கலாநிதி வீராசாமி வரைக்கும் கட்சி மாறியது, கொடி மாறியது, சின்னம் மாறியது, வேட்டி மட்டும் மாறவில்லை. துறைமுகமும் சரக்கு யார்டும் மணலி ஆலைகளும் கொடுங்கையூர்க் குப்பை மலையும் சூழ்ந்த இந்த மண்ணில் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைப்பது யார், குப்பை எரியும் புகையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது யார் என்று கேட்டால் குழந்தைகூடச் சொல்லும். அதைப் பற்றி டெல்லியில் எழுந்து பேசுவது மட்டும் ஆண்களின் குலத்தொழில்.

இனி விழா நாள். அழைப்பிதழில் தேதி போடப்போவதில்லை. சட்டம் காட்டிய வழியிலேயே விழாவும் நடக்கும். முதலில் கொருக்குப்பேட்டையில் எத்தனை தலை என்று கணக்கெடுப்போம். அந்தக் கணக்கை வைத்துப் பந்தலின் எல்லையை மறுவரையறை செய்வோம். அதற்கு ஓர் ஆணையம் போடுவோம். ஆணையம் வேலையை முடித்த பிறகு, அதற்கடுத்து நடக்கும் கூட்டத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு நாற்காலி. அதுவரை அம்மாமார்கள் நின்றுகொண்டிருக்கலாம். ரேஷன் கடையிலும் தண்ணீர் லாரியிலும் நின்று பழகிய கால்கள்தானே.

இதில் நான் கூட்டியது ஒன்றுமில்லை. அரசியலமைப்பின் 106-வது திருத்தமாக 2023-ல் நிறைவேறியது இதைத்தான் சொல்கிறது: சட்டத்துக்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன் மேல் தொகுதி மறுவரையறை, அதற்குப் பிறகே ஒதுக்கீடு. அந்தச் சட்டத்தை எழுதியபோது, 2021-லேயே முடித்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தொடங்கவே இல்லை. 2027 மார்ச் 1 கணக்கெடுப்பு நாள் என்று அறிவிப்பு வரவே 2025 ஜூன் ஆயிற்று. ஆனால் ஒதுக்கீடு எப்போது முடியும் என்பதை எழுத மட்டும் மறக்கவில்லை: 15 ஆண்டு. பிறந்த தேதி இல்லாத குழந்தைக்கு ஆயுள் மட்டும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்குக் காத்திருப்பு புதிதில்லை. கேட் போட்டுவிட்டால் சைக்கிளை நிறுத்தி, மீன் கூடையை இறக்கி வைத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். கூட்ஸ் வண்டி போனதும் கேட் திறக்கும். அந்த வண்டி எங்கிருந்தோ கிளம்பியாவது இருக்கும். இங்கே தண்டவாளமே போடாத வண்டிக்காகக் கேட்டை மூடிவிட்டு, இந்தப் பக்கம் நிற்கிறவர்களைக் கைதட்டவும் சொல்கிறார்கள்.

பொன்னாடைப் பட்டியலுக்கு வருகிறேன். முதல் பொன்னாடை சுரேந்திர பிரசாத் யாதவுக்கு. 1998 ஜூலையில் நம் கரூர் எம்.பி. தம்பிதுரை சட்ட அமைச்சராக மசோதாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ராஷ்ட்ரிய ஜனதா தளத்தின் இந்த வீரர் பாய்ந்து வந்து பிடுங்கிக் கிழித்தெறிந்தார். என்னதான் சொல்லுங்கள், ஒளிவுமறைவு இல்லாத மனிதர். பெண்கள் வரக் கூடாது என்று நினைத்தார், கிழித்தார். பின்னால் வந்தவர்களுக்கு அந்த நேர்மை இல்லை. அவர்கள் மசோதாவை லேமினேட் செய்து சுவரில் மாட்டிவிட்டார்கள்.

இரண்டாவது பொன்னாடை சரத் யாதவின் நினைவுக்கு. 1997-ல் இந்த மசோதா பற்றிப் பேசும்போது, முடியை வெட்டிக்கொண்ட பெண்கள் நம் பெண்களுக்காக என்ன பேசிவிடப்போகிறார்கள் என்று கவலைப்பட்டவர். 2009-ல், இது நிறைவேறினால் சாக்ரடீஸ் போல விஷம் குடிப்பேன் என்றார். ஏதென்ஸ் நகரம் சாக்ரடீஸுக்கு எதற்கு விஷம் கொடுத்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. 2015 மார்ச்சில் மாநிலங்களவையில் நடந்தது காப்பீட்டு மசோதா விவாதம். அந்நிய முதலீட்டில் தொடங்கிய பேச்சு வெள்ளைத்தோல் மோகத்துக்குப் போய், அங்கிருந்து தென்னாட்டுப் பெண்களின் கறுப்பு நிறத்துக்கும் உடலழகுக்கும் நடனத்துக்கும் வந்து சேர்ந்தது. அவையில் சிலர் சிரித்தார்கள். எழுந்து நின்று எதிர்த்தவர் தி.மு.க.வின் கனிமொழி. காப்பீட்டு மசோதாவுக்கும் நம் ஊர்ப் பெண்ணின் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க, அந்தப் பெரிய சபைக்கு ஒரு தென்னாட்டுப் பெண்ணே வேண்டியிருந்தது.

மூன்றாவது முலாயம் சிங்குக்கு. மசோதா நிறைவேறினால் எந்த மாதிரிப் பெண்கள் சபைக்கு வருவார்கள், அவர்களைப் பார்த்துப் பையன்கள் எப்படி விசிலடிப்பார்கள் என்று 2010-ல் மேடையிலேயே விளக்கியவர். விசிலடிக்கிறவனை என்ன செய்வது என்பதற்கு அவரிடம் திட்டம் இல்லை. விசில் சத்தம் கேட்காமலிருக்கப் பெண்களை உள்ளே விடாமலிருந்தால் போதும் என்பது அவருடைய சட்டம் ஒழுங்கு.

இவர்களுக்கு ஒரு வாதம் உண்டு. பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கும் சிறுபான்மைப் பெண்களுக்கும் உள் ஒதுக்கீடு எங்கே என்பது அந்த வாதம். நியாயமான கேள்வி. 2023-ல் எதிர்த்து வாக்களித்த ஒவைசியும் இம்தியாஸ் ஜலீலும் அதைக் கேட்டுத்தான் எதிர்த்தார்கள். கொருக்குப்பேட்டையில் நின்று பார்த்தால் அதன் நியாயம் இன்னும் நன்றாகத் தெரியும். இங்கே ஒதுக்கீட்டுக்காகக் காத்திருப்பவள் தலித் பெண், மீனவப் பெண், மிகவும் பிற்படுத்தப்பட்ட பெண். ஆனால் இந்தக் கேள்வியைக் கால் நூற்றாண்டு கேடயமாகப் பிடித்த தலைவர்கள், தங்கள் கட்சிப் பட்டியலில் எத்தனை பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு இடம் கொடுத்தார்கள்? அதற்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டியதில்லையே. ஒரு பேனா போதும்.

மேடையில் இன்னும் பெண்களை ஏற்றவில்லை என்று நினைக்க வேண்டாம். கீதா முகர்ஜி முதலில் வரட்டும். மேற்கு வங்கத்துக் கம்யூனிஸ்ட். 1996 செப்டம்பரில் மசோதா முதன்முதலாக வந்தபோது கூட்டுக் குழுவுக்குத் தலைவரானார். டிசம்பரிலேயே அறிக்கையை மேசையில் வைத்தார். ஒரு பெண் மூன்று மாதத்தில் முடித்த வேலையை மீதிச் சபை முடிக்க 27 ஆண்டு எடுத்துக்கொண்டது. அவர் 2000-லேயே போய்விட்டார். 2008-ல் மசோதாவைத் தாக்கல் செய்ய வந்த அமைச்சரைப் பெண் உறுப்பினர்கள் சூழ்ந்து அரண் போல உட்கார வேண்டியிருந்தது. பறிக்கப் பாய்ந்த அபு ஆஸ்மியை ரேணுகா சௌத்ரி தள்ளிவிட்டார். 2009 டிசம்பரில் நம் ஜெயந்தி நடராஜன் தலைமையிலான நிலைக்குழு, மசோதாவை நிறைவேற்றுங்கள் என்று அறிக்கை தந்தது. 2010 மார்ச் 8, மகளிர் தினம். மாநிலங்களவையில் மசோதாவைக் கிழித்து மகளிருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். மறுநாள் ஏழு பேரை வெளியேற்றி 186-க்கு 1 என்று நிறைவேறியது. மக்களவைக்கு வரவே இல்லை. 2014-ல் அவை கலைந்தபோது அதுவும் காலாவதி. 2017 மார்ச்சில் கனிமொழி டெல்லித் தெருவில் பேரணி நடத்தினார். நாடாளுமன்ற உறுப்பினரே நாடாளுமன்றத்தை நோக்கி நடந்துபோய்க் கோரிக்கை வைக்க வேண்டிய நாடு இது.

2023 விவாதத்தில் கனிமொழி சொன்னதன் சாரம் எளிமையானது: எங்களைக் கும்பிடுவதை நிறுத்துங்கள், பீடத்தில் ஏற்ற வேண்டாம், சமமாக நடக்க விடுங்கள். அவர் பேச எழுந்தபோதே எதிரே கூச்சல். சட்டம் நிறைவேறியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 14 அன்று, நாடாளுமன்றத்துக்குள் ஆட்கள் குதித்தது பற்றி உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று கேட்டதற்காக கனிமொழியும் ஜோதிமணியும் ரம்யா ஹரிதாஸும் மற்றவர்களோடு சேர்த்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்றைய சுறுசுறுப்பில் சபைக்கே வராத சேலம் பார்த்திபனையும் இடைநீக்கம் செய்து, பிறகு பெயரை எடுத்தார்கள். உள்ளே இருக்கும் பெண்ணை வெளியேற்ற ஒரே பிற்பகல். வெளியே இருக்கும் பெண்ணை உள்ளே அழைக்க மட்டும் கணக்கெடுப்பு, மறுவரையறை, ஆணையம்.

அந்த மறுவரையறையில் தமிழ்ப் பெண்ணுக்கு வைத்திருக்கும் கண்ணியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் தொகுதிகளை இழக்கக் கூடாது என்றுதான் 1976-ல் மாநிலங்களின் இடக் கணக்கை உறைய வைத்தார்கள். 2001-ல் அதை 2026 வரை நீட்டினார்கள். அந்த உறைவு கலைந்தால் தமிழ்நாட்டின் பங்கு சுருங்கும் என்பதால் 2025 மார்ச்சில் சென்னையில் முதலமைச்சர்களே கூடினார்கள். சரி. தமிழ்நாட்டில் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியது யார்? குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு மேசையில் படுத்தது யார்? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைத் திறந்து பாருங்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அவள் வயிற்றைக் கிழித்து மாநிலத்துக்குப் பெருமை சேர்த்தாள். அந்தப் பெருமையால் மாநிலத்துக்கு இடம் குறையும் என்கிறார்கள். குறைக்கும் அதே வேலை முடிந்தால்தான் அவளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். உன் மாநிலத்தின் பங்கு வேண்டுமா, உன் பங்கு வேண்டுமா என்று ஒரு பெண்ணிடம் கேட்கும் இந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு பொன்னாடை போதாது, வைரக் கிரீடம் செய்ய வேண்டும்.

டெல்லியைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் கொருக்குப்பேட்டை விடாது. இங்கே மீனாம்பாள் பெயரில் ஒரு நகர் இருக்கிறது. 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தைத் தந்தது. அதில் முன்னின்றவர்களில் மீனாம்பாள் சிவராஜ் ஒருவர். பெரியார் பெயரைச் சொல்லாமல் தொண்டையைக்கூடச் செருமாத கட்சிகள் நம்மிடம் எத்தனை! பட்டம் கொடுத்த இனத்துக்குப் பட்டியலில் பாதி கொடுக்க யாருக்கு மனம் வந்தது? தெருவுக்குப் பெண் பெயர் வைக்க எந்த மாவட்டச் செயலாளருக்கும் ஆட்சேபனை இல்லை. பெயர்ப் பலகை விருப்ப மனு போடாது.

அந்தப் பெண்கள் மாநாட்டுக்கும் பதினோரு ஆண்டு முன்னால், 1927-ல், சென்னை மாகாணச் சட்டமன்றக் கவுன்சிலில் முத்துலட்சுமி ரெட்டி துணைத் தலைவர் ஆசனத்தில் உட்கார்ந்தார். 2021-ல் 234 பேர் கொண்ட தமிழ்நாடு சட்டமன்றத்துக்குத் தேர்வான பெண்கள் 12. மாநிலத்தின் வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். 2024-ல் இங்கிருந்து மக்களவைக்குப் போன 39 பேரில் பெண்கள் ஐந்து.

பெண்ணை நிறுத்தினால் ஜெயிக்க முடியாதே என்பார்கள். இந்தப் பொய்யைக் கொருக்குப்பேட்டையில் வந்து சொல்ல ஒரு தனி தைரியம் வேண்டும். இந்தப் பேட்டை இருக்கும் ஆர்.கே. நகர் 1989-லும் 1996-லும் சற்குணபாண்டியனை ஜெயிக்க வைத்தது. 2015 இடைத்தேர்தலில் ஜெயலலிதாவுக்கு ஒன்றரை லட்சம் வாக்கு வித்தியாசம் கொடுத்தது. 2016-லும் அவரையே அனுப்பியது. இந்த ஜனங்களுக்குப் பெண்ணுக்கு ஓட்டுப் போடத் தெரியும். கட்சிகளுக்குத்தான் சீட்டுக் கொடுக்கத் தெரியாது. அந்த ஒரு பெண்ணின் ஹெலிகாப்டர் நிழலுக்கே கும்பிடு போட்ட வேட்டிகள், இன்னொரு பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலி தர யோசித்தன. காலில் விழுவது சுலபம். பக்கத்தில் உட்கார வைப்பதுதான் கஷ்டம்.

ஜெயலலிதா போன பிறகு நடந்தது ஊரறிந்தது. 89 கோடி ரூபாய்ப் பட்டுவாடாக் கணக்கு சிக்கியதாகச் சொல்லி 2017 ஏப்ரலில் இடைத்தேர்தலையே ரத்து செய்தார்கள். டிசம்பரில் மறுபடி நடந்தபோது 20 ரூபாய் நோட்டு டோக்கன் என்று புகார். இந்தத் தெருக்களில் ஒரு பெண்ணின் ஓட்டுக்கு என்ன விலை என்பது எல்லாக் கட்சிக் கணக்குப் பிள்ளைகளுக்கும் பைசா சுத்தமாகத் தெரியும். அவள் பெயரை வேட்பாளர் பட்டியலில் எழுதக் கேட்டால் மட்டும் கணக்கு வராது. 2024-ல் வடசென்னைக்கு தி.மு.க., அ.தி.மு.க., பா.ஜ.க. மூன்றும் நிறுத்தியது ஆண்களை. நாம் தமிழர் கட்சி எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்காமல் 40 இடத்தில் 20 பெண்களை நிறுத்தியது, வடசென்னையில் 2019, 2024 இரண்டு முறையும் பெண்ணை நிறுத்தியது. அந்தக் கட்சியின் மற்றப் பேச்செல்லாம் எனக்கு ஒப்பில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பெரிய கட்சிகளின் முகத்தில் அது பூசிய கரி இன்னும் காயவில்லை.

உள்ளாட்சியில் பாதி இடம் கொடுத்தோமே என்று மார்தட்டுவார்கள். சட்டம் கட்டாயப்படுத்தியதால் கொடுத்தீர்கள். 1688-ல் தொடங்கிய சென்னை மாநகராட்சிக்கு ஒரு தலித் பெண் மேயராக 2022 ஆயிற்று. அதுவும் அந்தப் பதவியை தலித் பெண்ணுக்கென்று ஒதுக்கிய பிறகு. வடசென்னைப் பெண் பிரியா மேயரானார். அதே ஆண்டு டிசம்பரில் மாண்டஸ் புயல். காசிமேட்டில் சேதம் பார்க்க வந்த முதல்வரின் வாகன வரிசையில், நகரத்தின் மேயர் ஒரு காரின் ஓரப்படியில் நின்று தொங்கிக்கொண்டு போனார். துணிச்சல் என்று கட்சிக்காரர்கள் மெச்சினார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. அந்தக் கார்களின் உள்ளே உட்கார எந்தத் துணிச்சலும் தேவைப்படவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வார்டுகளில் நிலைமை இன்னும் சுவாரஸ்யம். ஜெயித்தவர் அம்மா, 'கவுன்சிலர்' என்று ஊர் கூப்பிடுவது அவர் வீட்டுக்காரரை.

சொந்தக் கட்சி ஆண்களோடு மல்லுக்கட்டுவது எதிர்க்கட்சியோடு மல்லுக்கட்டுவதைவிடக் கடினம். 2022-ல் பெண்களின் இலவசப் பேருந்துப் பயணத்தை 'ஓசி' என்று மேடையில் சொன்ன அமைச்சர் பொன்முடி, 2025 ஏப்ரலில் பெண்களை வைத்து ஓர் ஆபாச நகைச்சுவையைச் சொன்னார். ஏற்க முடியாது என்று வெளிப்படையாகக் கண்டித்த முதல் குரல்களில் ஒன்று அதே கட்சியின் கனிமொழியுடையது. பொன்முடியின் கட்சிப் பதவி போயிற்று, அந்த மாதமே அமைச்சர் பதவியும் போயிற்று. கவனியுங்கள், மேடையில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த யாருக்கும் அந்த நேரத்தில் நாற்காலி சுடவில்லை.

நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய தயார். வரவேற்புரை வட்டச் செயலாளர், தலைமை பகுதிச் செயலாளர், முன்னிலை மாவட்டம், சிறப்புரை மாநிலம், எல்லாம் ஆண்கள். ஆரத்தித் தட்டு மகளிரணி. கோலம் மகளிரணி. கூட்டம் காட்ட மகளிரணி. நன்றியுரையும் வழக்கம்போல மகளிரணிதான். தலைவர்கள் காரேறிய பிறகு, மைக் செட்காரர் வயரைச் சுருட்டத் தொடங்கும் நேரத்தில் கொடுக்கப்படும் மூன்று நிமிடம் அது.

இந்த முறை அந்த மூன்று நிமிடத்தை முதலில் வைப்போம், தலைவர்கள் கார் கதவைத் திறப்பதற்கு முன்னால். கொருக்குப்பேட்டைக்காரி பேசட்டும்:

"நன்றி சொல்லச் சொல்றாங்கோ. இன்னாத்துக்கு நன்றி? கொடி கட்டுனது நாங்கோ, வீடு வீடா பூத் சிலிப்பு குட்த்தது நாங்கோ, வெயில்ல நின்னு தொண்டை கிழிய கத்துனது நாங்கோ. உங்க சட்டம் டெல்லியில எப்பவேணா வரட்டும். பட்டியலு உங்க கையிலதான கீது? அதுக்கு எந்தக் கணக்கெடுப்பு எடுக்கணும்? வடசென்னைக்கு அடுத்த தபா யாரு? பொம்பள பேரா ஒண்ணு சொல்லு. சொல்லிட்டு அப்பால மேடைய விட்டு எறங்கு."